செத்துக் கிடந்த கூகையும் பிள்ளைகளின் இறகு ஆல்பமும்

தென்காசி மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அறிவியல் ஆசிரியை எழுதியிருக்கும் கடிதத்தின் சாரம் இது: பள்ளி மைதானத்தை ஒட்டிய மின்கம்பத்தடியில் ஒரு கூகை செத்துக் கிடந்தது. பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மீன் கடையில் ஐஸ் வாங்கித் தெர்மாகோல் பெட்டியில் வைத்திருக்கிறார். இறக்கைகளை ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்தில் வைக்கலாமா, அல்லது உப்பும் மஞ்சளும் தடவிக் காயவைக்கலாமா என்பது முதல் கேள்வி. பிள்ளைகள் பொறுக்கி ஒட்டிய இறகு ஆல்பம் ஒன்றும் இருக்கிறது. மயில், பனங்காடை, மீன்கொத்தி, கிளி, செம்போத்து, காகம் எல்லாம் அதில் உண்டு. “இதற்கெல்லாம் ஜெயில்” என்று பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர் சொன்னாராம். உண்மையா என்பது இரண்டாவது. மூன்றாவது, வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்த்து மறைந்த மாமனார் விட்டுப்போன, கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்து வைத்த மலை இருவாச்சி. அதைப் பள்ளிக்குக் கொடுக்கலாமா?

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். கூகை விஷயம் இதழ் அச்சாகும் வரை காத்திருக்காது என்பதால் அதற்கு மட்டும் அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். மற்ற பள்ளிகளிலும் இதே நிலைமை வரும் என்பதால் இங்கேயும் விவரமாக எழுதுகிறேன். அருங்காட்சியகத்தில் பறவைகளைப் பாடம் செய்யும் வேலையில் இருப்பவன் நான். பாடம் செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்பவர்களிடம் பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்றே சொல்கிறேன் என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது.

இறந்து கிடக்கும் காட்டுப் பறவை, கண்டெடுத்தவருக்குச் சொந்தம் அல்ல. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 39-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: இறந்து கிடந்த வன உயிரினம் மாநில அரசின் சொத்து. அது எந்த வழியில் உங்கள் கைக்கு வந்தாலும், 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ அதிகாரம் பெற்ற வன அலுவலருக்கோ தகவல் சொல்ல வேண்டும். கேட்டால் ஒப்படைக்க வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வமான முன் அனுமதி இல்லாமல் அதை வைத்திருக்கவோ, இன்னொருவருக்குக் கொடுக்கவோ, சிதைக்கவோ கூடாது. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். இறக்கையை வெட்டி எடுப்பதும் சிதைப்பதுதான். புதைத்து விடுவோம், எரித்து விடுவோம் என்று கிளம்புவதும் அதில் அடங்கும்.

நீங்கள் எழுதும்போதே அந்த 48 மணி நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. தாமதமானாலும் சொல்லிவிடுவதுதான் சரி. தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு, பறவை கிடந்த இடம், தேதி, நேரம், யார் எடுத்தார்கள், இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பெயரை எழுத வேண்டாம். ‘மாணவர்கள்’ என்றால் போதும். வனத்துறை என்றாலே கேஸ் போடுவார்கள் என்ற பயம் ஊரில் இருக்கிறது. செத்த பறவையைத் தாங்களாகவே தெரிவித்து ஒப்படைக்கும் பள்ளியை நோக்கி எழுதப்பட்டதல்ல இந்தச் சட்டம். மறைத்து வைத்தால்தான் சிக்கல்.

இன்னொரு காரணத்துக்காகவும் அந்த உடல் முழுதாகப் போய்ச் சேர வேண்டும். கூகை எலி தின்று வாழும் பறவை. வயலில் விஷம் வைத்த எலியைத் தின்றால் விஷம் அதற்கும் இறங்கும். மின்கம்பத்தடியில் கிடந்ததால் மின்சாரம் தாக்கியிருக்கும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். இறகு நுனியிலோ காலிலோ கருகிய தடம் இருந்ததா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. உடலைத் திறந்து பார்த்தால்தான் காரணம் தெரியும். பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை நினைத்துப் பாருங்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான் பாறுகளைக் கொன்றது என்பது, இறந்த பறவைகளின் சிறுநீரகத்தை அறுத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. 2006-ல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா தடை விதித்ததும் அதனால்தான். இறக்கையை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தைப் புதைத்திருந்தால் அந்தச் செய்தியும் மண்ணுக்குள் போயிருக்கும்.

காலில் வளையம் இருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக வலசைப் பறவைகளுக்கு அலுமினிய வளையம் மாட்டி விடுகிறார்கள். அதில் ஓர் எண்ணும், கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் வாசகமும் பொறித்திருக்கும். அந்த எண்ணை ஒரு மாணவி படித்து எழுதி அனுப்பினால், பறவை எங்கே, எந்த வருடம் வளையம் பெற்றது என்று தெரியவரும். பீரோவில் காய்ந்து கிடக்கும் ஒரு காலை விட இது எத்தனையோ மடங்கு உயர்ந்த பாடம்.

வன ஊழியர் வந்து எடுத்துப் போகும்வரை கிடைக்கும் நேரத்தை வீணாக்க வேண்டாம். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு நீங்கள் மட்டும் பறவையைப் பிடியுங்கள். பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கட்டும், வரையட்டும், அளவுகோல் வைத்துப் படம் எடுக்கட்டும். இறக்கையின் வெளிக்கோடியில் இருக்கும் முதல் பெரிய இறகை லென்ஸ் வைத்துக் காட்டுங்கள். காற்றைக் கிழிக்கும் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற நுண்ணிய வரிசை தெரியும். இறகின் மேல்பரப்பில் வெல்வெட் போன்ற பூம்பஞ்சு இருக்கும். கூகை சத்தமே இல்லாமல் பறப்பதற்கு இந்த இரண்டும்தான் முக்கியக் காரணம். பிறகு காலைப் பாருங்கள்: நடு விரல் நகத்தின் உள்விளிம்பிலும் ஒரு சீப்பு உண்டு. முகத்தட்டின் இறகை ஒதுக்கினால் இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லாதது தெரியும். இருட்டில் எலியின் சலசலப்பு மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்று அது கண்டுபிடிப்பது இந்த ஏற்றத்தாழ்வினால்தான். இதில் ஒன்றுகூட ஃபார்மலின் பாட்டிலுக்குள் தெரியாது.

ஃபார்மலின் பள்ளிக்கே வேண்டாம். அது புற்றுநோய் விளைவிக்கக் கூடியது. மூடிய வகுப்பறையில் அதன் ஆவி கண்ணையும் மூச்சையும் எரிக்கும். இறகுக்கும் அது நல்லதல்ல. உப்பு இன்னும் மோசம். மழைக்காலத்தில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு தோல் கசியத் தொடங்கும், பின்னோடு புழுவும் வரும். மஞ்சளால் இறகு கறைபடுவதைத் தவிரப் பயன் இல்லை. இன்னொன்று: செத்த உடல் ஆறியதும் அதில் இருந்த பேனும் ஈயும் வேறு உடல் தேடி வெளியே வரும். பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் தொடவே தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் நம் நாட்டில் 2006 முதல் திரும்பத் திரும்ப வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் கால்நடை பராமரிப்புத் துறைக்குத் தகவல் கொடுத்துவிட்டு விலகி நிற்க வேண்டும்.

இனி ஆல்பம். பக்கத்து ஊர் ஆசிரியர் சொன்னது முழு உண்மையும் இல்லை, வெறும் பூச்சாண்டியும் இல்லை.

சட்டம் ‘ட்ராஃபி’ என்று சொல்லும்போது சுவரில் மாட்டிய புலித்தலையை மட்டும் சொல்லவில்லை. கொம்பு, எலும்பு, நகம், பல் இவற்றோடு இறகு, முட்டை, கூடு எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்புத் தரப்பட்ட பட்டியலில், உள்ள உயிரினத்தின் உறுப்பு எதையும் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் வைத்திருக்க முடியாது. அதற்கான தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். மற்ற மீறல்களுக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. இந்தத் தொகைகள் 2022-ல் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை. காகத்துக்கு என்ன என்று கேட்பீர்கள். எலி, வௌவாலோடு சேர்த்துத் தீங்குயிர் என்று காகத்தை வைத்திருந்த ஐந்தாம் அட்டவணை அந்தத் திருத்தத்தில் எடுக்கப்பட்டுவிட்டது. ‘காக்கைதானே’ என்ற பேச்சு இனி செல்லாது.

உயிரோடு இருக்கும் பறவை தானாக உதிர்த்த இறகு, இறந்த உடல் அல்லவே. அதில் குற்றமும் நடக்கவில்லையே என்று பறவை ஆர்வலர்கள் சிலர் வாதிடுவார்கள். வாதத்தில் சத்து இருக்கிறது, அதிலும் முதல் அட்டவணையில் இல்லாத பறவைகளைப் பொறுத்தவரை. ஆனால் 57-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ட்ராஃபி ஒருவர் கையில் இருந்தால், அவர் அதைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும்; இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. ஒரு மீன்கொத்தி இறகு வாய்க்கால் கரையில் கிடந்ததா, வலையில் சிக்கிய பறவையிலிருந்து வந்ததா என்று எப்படி நிரூபிப்பீர்கள்? அந்த வாதத்தை நீதிமன்றத்தில் நின்று சோதித்துப் பார்க்கும் வேலை ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம்.

சட்டம் இவ்வளவு கறாராக இருப்பது அதிகாரிகளின் பிடிவாதத்தால் அல்ல. நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பா, அமெரிக்காவில் பெண்களின் தொப்பிக்கு இறகு வைப்பது மோகமாக இருந்தது. இனப்பெருக்கக் காலத்தில் கொக்கின் முதுகில் மெல்லிய அலங்கார இழைகள் வளரும். அதற்காகவே கூட்டில் குஞ்சு இருக்கும்போது தாயைச் சுட்டார்கள். எங்கள் நாட்டு இறகு உதிர்ந்த இறகுதான், பொறுக்கியதுதான் என்று வியாபாரிகள் அன்றைக்கும் சொன்னார்கள். பிரிட்டிஷ் இந்திய அரசு 1902-ல் காட்டுப் பறவைகளின் தோல், இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. அமெரிக்கா 1918-ல் கொண்டுவந்த வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டத்தின்படி, அங்கே வீட்டு வாசலில் கிடக்கும் காக்கை இறகை எடுத்து வைப்பதுகூடக் குற்றம். உதிர்ந்ததா பிடுங்கியதா என்று பார்த்துச் சொல்ல முடியாத இடத்தில் சட்டம் எல்லாவற்றையும் சேர்த்தே மூடுகிறது. ஆண்டவன் சாட்சியாகப் பொறுக்கியதுதான் என்று சொல்பவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் உண்மை சொன்னாலும், பத்தாவது ஆளின் மூட்டைக்கு அந்த ஒன்பது பேர்தான் மறைப்பு ஆகிறார்கள்.

மயில் மட்டும் விலக்கு. முதல் அட்டவணையில் இருந்தும், ஆண் மயிலின் தோகை இறகுக்கு இந்தச் சட்டம் இடம் விட்டிருக்கிறது. மயில் ஆண்டுக்கு ஒருமுறை தோகையை முழுதாக உதிர்க்கும். காவடிக்கும் தர்காவில் மந்திரிக்கும் பீலிக்கட்டுக்கும் காலங்காலமாகப் பொறுக்கி எடுத்த வழக்கத்துக்குத் தரப்பட்ட சலுகை இது. தோகைக்கு மட்டும்தான். கழுத்து நீல இறகு, செம்பழுப்பு நிற இறக்கை இறகு, கால், கொண்டை எதற்கும் கிடையாது. மூட்டு வலிக்கு என்று விற்கும் மயில் எண்ணெயும் குற்றமே. வெளிநாட்டுக்குத் தோகையை அனுப்பவும் முடியாது. தைப்பூசத்துக்கு மலேசியா போகும் உறவினரிடம் கொடுத்து விடாதீர்கள். உதிர்ந்த தோகையின் காம்பு நுனி சுத்தமாக, வெளுத்து, கூராக முடியும். உயிரோடு பிடுங்கியதில் நுனியில் ரத்தமோ தோல் துணுக்கோ ஒட்டியிருக்கும். காம்பை நறுக்கிய தோகைக்கட்டு சந்தையில் விற்பதைப் பார்த்தால் ஏன் நறுக்கினார்கள் என்று கேளுங்கள். வாங்காதீர்கள்.

ஆல்பத்தில் மயில் தோகை இருக்கலாம். மற்றவற்றைப் பட்டியல் போட்டு, எந்தப் பக்கத்தில் எந்தத் தேதியில் எங்கே கிடைத்தது என்று பிள்ளைகள் எழுதியிருப்பதைப் படியெடுத்து, கூகையோடு சேர்த்து வனச்சரகரிடம் ஒப்படையுங்கள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் அளவுகோல் வைத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வருத்தமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் ஆல்பத்தில் விலைமதிப்பானது இறகு அல்ல, அதன் கீழே பென்சிலில் எழுதிய இடமும் தேதியும். அருங்காட்சியகத்தில் சீட்டு இல்லாத பறவைத் தோல் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்கு உதவாது. சீட்டு இருந்தால், நிறம் மங்கிய தோல்கூட அந்தப் பறவை ஒரு காலத்தில் எங்கே இருந்தது என்று சாட்சி சொல்லும். அகமதாபாத்தில் 2021-ல் தொடங்கிய ‘ஃபெதர் லைப்ரரி’ என்ற முயற்சி இந்தியப் பறவைகளின் இறக்கையையும் இறகுகளையும் அளந்து படமெடுத்து இணையத்தில் வைக்கிறது. உங்கள் மாணவர்கள் எடுத்த படங்களை அதோடு ஒப்பிட்டுப் பெயர் கண்டுபிடிக்கலாம். இனி பொறுக்குவதற்குப் பதில், கிடந்த இடத்திலேயே படமெடுத்து விட்டுவிட்டு வரட்டும். தூக்கணாங்குருவிக் கூட்டையும் அறுத்து வர வேண்டாம். கூட்டையோ முட்டையையோ கலைப்பது சட்டத்தின் பார்வையில் வேட்டைக்குச் சமம். செம்போத்துக் கறி கேட்டு வரும் வைத்தியக்காரர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

கையால் செய்து பழகும் ஆசையை அடக்க வேண்டியதில்லை. நாட்டுக்கோழி, வாத்து, வான்கோழி இருக்கின்றன. கறிக்கடையில் தோலோடு ஒரு கோழி இறக்கை கேட்டு வாங்குங்கள், தோளோடு வெட்டியது. இறக்கையின் அடிப்பக்கத்தில் எலும்பை ஒட்டித் தோலை நீளமாகக் கீறி, இரண்டு முன்கை எலும்புகளுக்கு நடுவில் உள்ள சதையை இடுக்கியால் சிறிது சிறிதாக எடுங்கள். அவசரப்படக் கூடாத இடம் ஒன்று உண்டு: இரண்டில் தடித்த எலும்பின் பின்புறம் வரிசையாகச் சின்ன மேடுகள் தட்டுப்படும். இறக்கை இறகுகள் அந்த எலும்பிலேயே வேர் பிடித்திருக்கின்றன. அங்கே சுரண்டினால் வரிசை குலைந்துவிடும்; மாணவர்கள் அதை விரலால் தொட்டு உணர்ந்தாலே போதும், இறகு வெறும் தோலில் முளைத்த மயிர் இல்லை என்று புரிந்துவிடும். சதை எடுத்த இடத்தில் வெங்காரப் பொடியை (போராக்ஸ்) அப்பி, தெர்மாகோல் பலகையில் இறக்கையை விரித்துக் குண்டூசியால் நிறுத்தி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். வெங்காரம் தொட்ட கையைக் கழுவ வேண்டும். காய்ந்ததும் காற்றுப் புகாத கவரில் போட்டு, உணவு வைக்காத ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சி முட்டை செத்துவிடும். அதன்பின் மூடிய பெட்டி, நேர் வெளிச்சம் படாத அலமாரி. அந்துருண்டை வேண்டாம், அதன் வாடை பிள்ளைகளுக்கு ஆகாது. பெட்டியை அவ்வப்போது திறந்து பாருங்கள். பழுப்பு நிறத்தில் ரோமம் அடர்ந்த சின்னப் புழுவோ, அது உரித்த சட்டையோ தென்பட்டால் மீண்டும் ஃப்ரீசர்.

உதிரி இறகு கசங்கியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு அலசி, காகிதத்தில் ஒற்றி, காம்பிலிருந்து நுனி நோக்கி விரலால் நீவுங்கள். பிரிந்த இழைகள் ஜிப் போட்டது போல ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் அந்தக் கொக்கிகளைக் காட்டுங்கள். ஒரு பீரியட் முழுக்கப் போகும், போகட்டும்.

கடைசியாக இருவாச்சி. மூன்றில் இதுதான் சட்டப்படி கனமானது, ஏனென்றால் மலை இருவாச்சி முதல் அட்டவணைப் பறவை. உங்கள் மாமனார் அதை அந்தக் காலத்தில் அறிவித்து உரிமைச் சான்றிதழ் வாங்கியிருக்கலாம். சட்டம் வந்தபோது ஒரு வாய்ப்பு இருந்தது, 2003-ல் இன்னொரு முறை 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். பழைய பீரோ, டிரங்குப் பெட்டி, எஸ்டேட் காகிதக் கட்டு எல்லாவற்றிலும் தேடுங்கள். சான்றிதழ் இருந்தால், வாரிசாக வந்த பொருளை 90 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கெடு தாண்டியிருந்தாலும் இப்போதே விளக்கம் எழுதி அறிவிப்பது நல்லது. வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால், சான்றிதழ் உள்ளவர்கள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் இழப்பீடு இல்லாமல் ஒப்படைக்க 2022 திருத்தம் 42-ஏ என்ற பிரிவில் வழி செய்திருக்கிறது. சான்றிதழ் கிடைக்கவில்லை என்றால், வன உயிரின வழக்குகள் தெரிந்த ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, அவர் துணையோடு மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். பள்ளிக்குக் கொடுக்க முடியாது. விற்கவும், உறவினரிடம் தள்ளிவிடவும், குப்பையில் போடவும் கூடாது. கல்விக்காக மாதிரிகள் வைத்திருக்க அனுமதி தரும் 12-ஆம் பிரிவு இருக்கிறது, ஆனால் அனுமதி வந்த பிறகுதான் பொருள் நகர வேண்டும்.

அதுவரை கண்ணாடிப் பெட்டியைத் திறக்காதீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் பெக்கூர் என்ற பிரெஞ்சுக்காரர் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த சோப்பைக் கண்டுபிடித்தார். அதன்பின் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாடம் செய்தவர்கள் பலர் தோலின் உள்பக்கம் அதைத்தான் பூசினார்கள். அந்த நஞ்சு காலத்தால் போவதில்லை. அலகின் அடியிலும் காலைச் சுற்றியும் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அதுவாக இருக்கலாம். தூசி தட்ட வேண்டாம், ஈரத் துணியால் பெட்டியின் வெளிப்பக்கம் மட்டும் துடையுங்கள், துணியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். பெட்டியை அவர்கள் கைக்கு எட்டாத அறையில் வைத்துப் பூட்டுங்கள். ஒப்படைக்கும் கடிதத்திலும் ‘ஆர்சனிக் இருக்கக்கூடும்’ என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், எடுத்துப் போக வருபவர்களும் கையுறையோடு வருவார்கள்.